ஆய்வைப் பற்றிய ஆய்வு: மருத்துவ அறிவியலில் அதன் வகைகளும் பெயர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதுவோரில் ஒரு பகுதியினர் நோயாளிகளைச் சந்திக்காமல், ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளையே எடுத்து ஆராய்கின்றனர். வேலையெல்லாம் முடிந்து, படிவத்தில் 'ஆய்வின் வகை' என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் அவர்களுக்குத் தடுமாற்றம் வருகிறது. அதை ஒட்டி எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

ஆய்வைப் பற்றிய ஆய்வு என்பது எதைக் குறிக்கிறது?

சர்க்கரை நோய்க்கான ஒரு மாத்திரை பலன் தருகிறதா என்று 300 நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பது ஆய்வு. சர்க்கரை நோய் மருந்துகளைப் பற்றி வெளியான 300 சோதனைக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, நோயாளிகளை எப்படிக் குழுக்களாகப் பிரித்தார்கள் என்பதை அவற்றில் எத்தனை தெளிவாகச் சொல்கின்றன, எத்தனை கட்டுரைகள் பக்கவிளைவுகளைப் பேசாமல் விட்டுவிட்டன என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வைப் பற்றிய ஆய்வு. முன்னதில் எண்ணப்படும் அலகு மனிதர், பின்னதில் கட்டுரை. நூலுக்கு உரை எழுதுவது ஒன்று, உரையாசிரியர்கள் எப்படி உரை எழுதினார்கள் என்று ஆராய்வது வேறொன்று என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று.

அலகு எப்போதும் கட்டுரையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சோதனைப் பதிவேட்டில் உள்ள பதிவுகள், நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள், இதழாசிரியர்களின் அறிவுரைக் குறிப்புகள், ஆய்வாளர்கள், கட்டுரை வெளியாகுமுன் அதை எடைபோடும் சக மதிப்பீட்டாளர்கள் ஆகிய எதுவும் அலகாகலாம்.

இந்தத் துறை எப்போது உருவாயிற்று?

ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சில மைல்கற்கள் உண்டு. புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மோசமான மருத்துவ ஆய்வுகள் பெருகிக் கிடப்பதை ஓர் அவக்கேடு என்றே எழுதினார். ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைய வேண்டும், தரத்தில் உயர வேண்டும், சரியான காரணத்துக்காகச் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய வாதம். 1997இல் அதே இதழில் கனடாவின் டேவிட் நெய்லர் 'மெட்டா எபிடெமியாலஜி' (விளக்கம் கீழே) என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 2005இல் பிளாஸ் மெடிசின் இதழில் ஜான் அயோனிடிஸ் எழுதிய கட்டுரை, வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை ஏன் தவறாக இருக்கின்றன என்று தலைப்பிலேயே கேட்டு உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2014இல் அவரும் ஸ்டீவன் குட்மனும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெட்ரிக்ஸ் என்ற மெட்டா ரிசர்ச் (ஆய்வைப் பற்றிய ஆய்வு) மையத்தைத் தொடங்கினர்.

2009இல் லான்செட் இதழில் இயன் சால்மர்ஸும் பால் கிளாசியோவும் போட்ட கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். தவிர்த்திருக்கக்கூடிய வடிவமைப்புக் குறையால் ஏறத்தாழ பாதி ஆய்வுகள் வீணாகின்றன. முடிந்த ஆய்வுகளில் பாதி வெளியாவதே இல்லை. வெளியானவற்றில் பாதி பயன்படுத்த முடியாதபடி அரைகுறையாக எழுதப்படுகின்றன. பாதியில் பாதியில் பாதி என்றால் நம் பழைய கணக்கில் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சுகிறது. ஆய்வு முதலீட்டில் 85 சதவீதத்துக்கு மேல் வீணாகிறது என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் இப்படி வந்ததுதான். அது ஒரு மதிப்பீடு. துல்லியமாக அளந்து பெற்ற எண் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

மெட்டா ரிசர்ச், மெட்டா சயின்ஸ், ரிசர்ச் ஆன் ரிசர்ச், முறையியல் ஆய்வு, முறையியல் மீளாய்வு, மெட்டா எபிடெமியாலஜி ஆய்வு எனப் பல பெயர்கள் புழங்குகின்றன. புள்ளியியலாளர்களும் நோய்ப்பரவலியலாளர்களும் நூலகவியலாளர்களும் சமூகவியலாளர்களும் தத்தம் வாசல் வழியாக இந்தத் துறைக்குள் நுழைந்தார்கள். அவரவர் வீட்டில் புழங்கிய சொல்லை அவரவர் கொண்டுவந்தார்கள். யாரும் யாரையும் கேட்டுப் பெயர் வைக்கவில்லை.

இதனால் வரும் நட்டம் கண்கூடானது. 200 கட்டுரைகளை எடுத்து அவற்றின் புள்ளியியல் பிழைகளை எண்ணிய ஓர் ஆய்வை ஒருவர் 'குறுக்குவெட்டு ஆய்வு' என்பார். இன்னொருவர் 'முறைசார் மீளாய்வு' என்பார். மூன்றாமவர் 'சர்வே' என்பார். செய்தது ஒரே வேலை. பின்னால் வருபவர் தரவுத்தளத்தில் தேடும்போது ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. ஏற்கெனவே செய்த வேலையை மறுபடியும் செய்வதுதான் ஆய்வு உலகின் பெரிய வீண்செலவு என்று சொல்லும் துறையே, தன் பெயர்க் குழப்பத்தால் அதே வீண்செலவைச் செய்கிறது.

இவற்றுள் பொதுப்பெயர் எது, வகைப்பெயர் எது?

மெட்டா ரிசர்ச் என்பதைக் குடைப்பெயராகக் கொள்வதே வசதி என்று நான் கருதுகிறேன். 2015இல் அயோனிடிஸும் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதன் எல்லையை ஐந்து பகுதிகளாகப் பிரித்தது: ஆய்வை எப்படிச் செய்வது என்ற முறைகள், அதை எப்படி எழுதித் தெரிவிப்பது, செய்ததை மறுபடி செய்து சரிபார்க்க முடிகிறதா, சக மதிப்பீடு போன்ற மதிப்பிடும் வழிகள், ஆய்வாளரை இயக்கும் ஊக்கங்களும் பரிசுகளும். பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்ற விதி ஆய்வின் தரத்தை என்ன செய்கிறது என்று ஆராய்பவரும் இந்தக் குடைக்குள் வருவார்.

அந்தக் குடைக்குள் முறையியல் ஆய்வு என்பது ஒரு வகை. மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2020இல் வெளியிட்ட வழிகாட்டிக் கட்டுரை, பிற ஆய்வு அறிக்கைகளின் வடிவமைப்பு, பகுப்பாய்வு, தெரிவிக்கும் முறை ஆகியவற்றை மதிப்பிடும் ஆய்வுகளுக்கு இந்தப் பெயரைத் தருகிறது. மெட்டா எபிடெமியாலஜி அதனினும் குறுகிய வகை. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

எல்லைக்கோடு முழுக்க நேராக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறையின் கொடி போலக் காட்டப்படுகிறது. ஆனால் அதில் எந்தக் கட்டுரையும் எண்ணப்படவில்லை; அது முழுக்க முழுக்க நிகழ்தகவுக் கணக்கு. எண்ணும் அலகை மட்டும் வைத்து வரையறுத்தால் அந்தக் கட்டுரையே வெளியே போய்விடும். அதனால்தான் 'எதை எண்ணுகிறீர்கள்' என்ற கேள்வியோடு 'யாருக்கு விடை சொல்கிறீர்கள்' என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் விடை சொன்னால் அது மருத்துவ ஆய்வு. ஆய்வு செய்பவருக்கும் அதைப் படித்து எடைபோடுபவருக்கும் விடை சொன்னால் அது ஆய்வைப் பற்றிய ஆய்வு.

முறைசார் மீளாய்வும் மெட்டா அனாலிசிஸும் கட்டுரைகளைத்தானே எடுத்துக்கொள்கின்றன? அவையும் இதில் சேருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு கேள்விக்கு விடை தரும் ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் திரட்டி மதிப்பிடுவது முறைசார் மீளாய்வு; அவற்றின் முடிவுகளைப் புள்ளியியல் வழியில் ஒன்றாக்கிக் கணக்கிடுவது மெட்டா அனாலிசிஸ். துறைக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு. ஆய்வுகளைத் திரட்டி ஆராய்வதால் அதுவும் மெட்டா ரிசர்ச்தான் என்பது ஒரு தரப்பு. மேலே சொன்ன 'யாருக்கு விடை சொல்கிறீர்கள்' என்ற கேள்வியைக் கேட்டால் எனக்கு வேறு விடை கிடைக்கிறது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கிறதா என்று 20 சோதனைகளைத் திரட்டிப் பார்ப்பவர் கட்டுரைகளைப் படித்தாலும் நோயாளியைப் பற்றியே பேசுகிறார். கட்டுரை அவருக்குச் சன்னல். அதன் வழியே அப்பால் உள்ளதைப் பார்க்கிறார். முறையியல் ஆய்வு செய்பவரோ சன்னல் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

ஆகவே அந்த 20 சோதனைகளை வைத்து 'ஆஸ்பிரின் பலன் தருகிறதா' என்று கேட்டால் முறைசார் மீளாய்வு. அதே 20 சோதனைகளை வைத்து 'பாதியில் விலகிப்போன நோயாளிகளைக் கணக்கில் எப்படிக் கையாண்டார்கள்' என்று கேட்டால் முறையியல் ஆய்வு. முறைசார் மீளாய்வுகளையே 100 திரட்டி அவற்றின் தரத்தை ஆம்ஸ்டார் 2 என்ற கருவியால் மதிப்பிட்டால் அதுவும் முறையியல் ஆய்வுதான். ஆனால் பல மீளாய்வுகளின் மருத்துவ முடிவுகளைத் தொகுத்தால் அது குடை மீளாய்வு.

மெட்டா எபிடெமியாலஜி என்பது என்ன? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

முதலில் பெயர். அகராதியைப் பார்த்து இதை 'மேல்நிலைக் கொள்ளைநோயியல்' என்று மொழிபெயர்த்த ஒரு குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். படிப்பவர் பிளேக்கை நினைத்துக்கொள்வார். இங்கே கொள்ளைநோயும் இல்லை, நோயும் இல்லை. நோய்ப்பரவலியலாளர் புகைக்கும் பழக்கம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டு நோய் யாருக்கு அதிகம் என்று பார்ப்பதைப் போல, இவர்கள் ஒரு குறை உள்ள சோதனைகளையும் இல்லாத சோதனைகளையும் ஒப்பிட்டு, பலன் எதில் மிகையாகத் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். சோதனையின் குறைதான் இங்கே புகைப்பழக்கம். மிகைப்பட்ட முடிவுதான் நோய்.

1995இல் கென்னத் ஷுல்ஸும் சால்மர்ஸ், ஹேய்ஸ், ஆல்ட்மன் ஆகியோரும் ஜாமா இதழில் வெளியிட்டது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனையில் அடுத்து வரும் நோயாளி புதிய மருந்துக் குழுவுக்குப் போவாரா, பழைய மருந்துக் குழுவுக்குப் போவாரா என்பது அவரைச் சேர்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. இதை ஒதுக்கீட்டை மறைத்தல் என்பார்கள். நடைமுறையில் என்ன நடந்தது? குழுவின் பெயரை உள்ளே வைத்து ஒட்டிய உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளிருப்பதைப் படித்த மருத்துவர்கள் உண்டு. ஷுல்ஸ் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். உடல்நிலை தேறக்கூடியவராகத் தெரிந்தால் புதிய மருந்து உறை வரும்வரை அவரைக் காத்திருக்கச் செய்யலாம். அப்புறம் குலுக்கல் போட்டதற்குப் பொருள் இல்லை.

ஷுல்ஸ் குழு கர்ப்பகாலம், மகப்பேறு தொடர்பான 33 மெட்டா அனாலிசிஸ்களிலிருந்து 250 சோதனைகளை எடுத்தது. ஒதுக்கீட்டைச் சரியாக மறைத்த சோதனைகளோடு ஒப்பிட, சரியாக மறைக்காத சோதனைகளில் சிகிச்சையின் பலன் ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுக்களின் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதம்) அளவில் 41 சதவீதம் மிகைப்பட்டிருந்தது. மறைத்தார்களா இல்லையா என்று கட்டுரையில் தெளிவாக எழுதாதவற்றில் 30 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்: எழுதும்போது விட்டுப்போன ஒரு வரி, சில சமயம் செய்யாமல் விட்ட ஒரு வேலையைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

ஆகவே, பல மெட்டா அனாலிசிஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சோதனையின் ஒரு பண்பு முடிவின் அளவை எப்படி மாற்றுகிறது என்று கணக்கிட்டால் மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்துவது நல்லது. வெறுமனே 'இத்தனை சதவீதக் கட்டுரைகளில் இந்த விவரம் இல்லை' என்று எண்ணுவதற்கு இந்தக் கனமான பெயர் தேவையில்லை.

வெளியான கட்டுரையைப் பதிவேட்டு ஆவணத்தோடு ஒப்பிடும் ஆய்வு எந்த வகை?

முறையியல் ஆய்வுதான். இதில் எண்ணப்படும் அலகு 'பதிவும் கட்டுரையும் சேர்ந்த ஓர் இணை' என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2008இல் எரிக் டர்னர் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது இந்த வகையில் பெயர்பெற்றது. மனச்சோர்வுக்கான 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் இருந்த 74 சோதனைகளை அவர்கள் எடுத்தார்கள். நிர்வாகத்தின் பார்வையில் 38 சோதனைகள் சாதகமானவை. அவற்றில் 37 வெளியாகியிருந்தன. மீதி 36 சாதகமில்லாதவை அல்லது ஐயத்துக்கிடமானவை. அவற்றில் 22 வெளியாகவே இல்லை, 11 சாதகமானவை போன்ற தோற்றத்தோடு வெளியாயின, 3 மட்டுமே உள்ளபடி வெளியாயின. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு 94 சதவீதச் சோதனைகள் வெற்றி. ஆவணங்களைப் படித்தவருக்கு 51 சதவீதம்.

இந்தியாவில் சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் பதிவைக் கட்டாயமாக்கியது. அதில் முதலில் அறிவித்த முதன்மை அளவீடும் கடைசியில் கட்டுரையில் வந்த முதன்மை அளவீடும் ஒன்றா என்று ஒப்பிடுவது முதுநிலை மாணவர் ஒருவர் செலவில்லாமல் செய்து முடிக்கக்கூடிய வேலை.

ஸ்வாட் என்பதும் இதில் அடங்குமா?

அடங்கும். ஸ்வாட் என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு மருத்துவச் சோதனைக்குள்ளேயே, சோதனையை நடத்தும் முறையைப் பற்றி இன்னொரு சிறு சோதனையைச் செருகுவது. தபாலில் அனுப்பும் கேள்வித்தாளோடு ஒரு பேனாவையும் வைத்து அனுப்பினால் கூடுதலான பேர் நிரப்பித் திருப்பி அனுப்புகிறார்களா என்று பங்கேற்பாளர்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகம் இத்தகைய ஆய்வுகளின் திட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. இங்கே எண்ணப்படும் அலகு மனிதர்; ஆனால் விடை ஆய்வாளருக்கு. எனவே இது பரிசோதனை வகையைச் சேர்ந்த மெட்டா ரிசர்ச்.

செவிலியர் கல்லூரியில் 'முறையியல் ஆய்வு' என்றால் வேறு பொருள் சொல்கிறார்களே?

ஆம், அவர்கள் சொல்வதும் தவறில்லை. செவிலிய ஆய்வுப் பாடநூல்களில் அந்தச் சொல் ஓர் அளவுகோலையோ கேள்வித்தாளையோ உருவாக்கி, அதன் நம்பகத்தன்மையையும் செல்லுபடித்தன்மையையும் சோதிக்கும் ஆய்வைக் குறிக்கிறது. வலியை அளக்கும் கருவியைத் தமிழாக்கிச் சோதித்தவரும், 100 கட்டுரைகளின் புள்ளியியலைச் சரிபார்த்தவரும் ஒரே பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு துறையினரும் படிக்கும் இடத்தில் எழுதுபவர் 'ஆய்வு அறிக்கைகளின் முறையியல் ஆய்வு' என்று இரண்டு சொல்லைக் கூட்டிப் போட்டுவிட்டால் குழப்பம் தீரும்.

நூலளவையியலும் இதுவும் ஒன்றா?

இல்லை. நூலளவையியல் மேற்கோள்கள், ஆசிரியர்கள், நாடுகள் என்று வெளியீட்டின் புறக்கணக்கை எடுக்கிறது. கட்டுரைக்குள் இருக்கும் ஆய்வு சரியாகச் செய்யப்பட்டதா என்று கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அது முறையியல் ஆய்வாகிவிடும்.

தலைப்பில் 'குறுக்குவெட்டு ஆய்வு' என்று போடலாமா?

போடாமல் இருப்பதே நல்லது. குறிப்பிட்ட காலத்தில் வெளியான கட்டுரைகளை ஒரே சமயத்தில் எண்ணுவதால் வடிவத்தில் அது குறுக்குவெட்டுதான். ஆனால் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் மக்களிடம் எடுத்த கணக்கெடுப்பு என்றே எண்ணுவார். வடிவத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'முறையியல் ஆய்வு' என்பதை முன்னால் வைத்து, 'குறுக்குவெட்டு வடிவில்' என்பதை முறைகள் பகுதியில் எழுதலாம்.

ஒரு தலைப்பை எடுத்துப் பார்ப்போம். 'இந்திய இதழ்களில் சமவாய்ப்புச் சோதனைகள்: ஒரு மீளாய்வு' என்பதில் எதுவும் தெரியவில்லை. 'இந்திய மருத்துவ இதழ்களில் வெளியான சமவாய்ப்புச் சோதனைக் கட்டுரைகளில் ஒதுக்கீட்டை மறைத்த விவரம் தெரிவிக்கப்பட்டுள்ளதா: ஒரு முறையியல் ஆய்வு' என்பது நீளந்தான். ஆனால் எதை எண்ணினார், எதைத் தேடினார், எந்த வகை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படி ஒரு வேலை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் கோக்ரேன் அமைப்பின் தெற்காசியப் பணியை நடத்திய பிரதாப் தரியன் குழு, 2004–05இல் இந்திய மருத்துவ இதழ்களில் வந்த சமவாய்ப்புச் சோதனைகளின் எழுத்துத் தரத்தையும், அந்த இதழ்கள் ஆசிரியர்களுக்குத் தந்த அறிவுரைகளையும் சேர்த்தே ஆராய்ந்தது. அந்தக் கட்டுரை தன்னை முறைசார் மீளாய்வு என்று அழைத்துக்கொண்டது. அன்று 'முறையியல் ஆய்வு' என்ற பெயர் இந்த அளவுக்கு வழக்கில் இல்லை.

பப்மெட்டில் இத்தகைய ஆய்வுகளை எப்படித் தேடுவது?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டின் பொருட்சொல் அட்டவணை ஒரு நல்ல வேறுபாட்டை வைத்திருக்கிறது. ஒரு கட்டுரை தானே சமவாய்ப்புச் சோதனையாக இருந்தால் 'ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு டிரையல்' என்பது அதன் வெளியீட்டு வகை. கட்டுரை அத்தகைய சோதனைகளைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அதே பெயரைப் பன்மையில் எழுதி, 'ஆஸ் டாபிக்' என்ற ஒட்டைச் சேர்த்துப் பொருட்சொல்லாகத் தருவார்கள். முறைசார் மீளாய்வுக்கும் மெட்டா அனாலிசிஸுக்கும் இப்படியே ஒட்டு உண்டு. எனவே தேடும்போது இந்த ஒட்டுள்ள பொருட்சொற்களையும், 'மெத்தடலாஜிக்கல் ஸ்டடி', 'மெட்டா ரிசர்ச்', 'மெட்டா எபிடெமியாலஜிக்கல்' ஆகிய சொற்களையும் 'அல்லது' போட்டுச் சேர்த்தே தேட வேண்டும். வேலை கூடும், ஆனால் ஒற்றைச் சொல்லை நம்பித் தேடியவர் பாதியைத் தவறவிடுவார்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா? எங்கே பதிவு செய்வது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பொதுவெளியில் உள்ள தரவுகளைக் கொண்டு செய்யும் முறைசார் மீளாய்வுகளையும் மெட்டா அனாலிசிஸ்களையும் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறத்தக்கவையாகக் குறிப்பிடுகின்றன. வெளியான கட்டுரைகளை மட்டும் படிக்கும் முறையியல் ஆய்வுக்கும் இந்த வழியிலேயே விலக்குக் கேட்கலாம். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது குழுவே. மாணவர் தானே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ஆய்வாளர்களைப் பேட்டி எடுத்தாலோ, இதழாசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினாலோ அவர்களும் பங்கேற்பாளர்களே. ஒப்புதலும் அனுமதியும் வேண்டும்.

பதிவைப் பொறுத்தவரை, ப்ராஸ்பெரோ என்ற இணையப் பதிவேடு உடல்நலம் சார்ந்த விளைவுகளை ஆராயும் மீளாய்வுகளுக்கானது. எழுத்துத் தரத்தை மட்டும் மதிப்பிடுபவர்கள் திட்டத்தை ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்) தளத்தில் முன்பதிவு செய்துவிட்டு, அந்த நாளைக் கட்டுரையில் குறிப்பிடுவது வழக்கம்.

எழுதும்போது எந்த வழிகாட்டியைப் பின்பற்றுவது?

மெட்டா எபிடெமியாலஜி ஆய்வுக்கு ஹசன் முராதும் ஜென் வாங்கும், முறைசார் மீளாய்வுகளை எழுதுவதற்கான வழிகாட்டியான பிரிஸ்மாவைத் தழுவி 2017இல் தந்த வழிகாட்டி உண்டு. பிற முறையியல் ஆய்வுகளுக்குப் பலரும் பிரிஸ்மாவையே இழுத்துப் பிடித்துப் பொருத்துகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் பொருந்தாத இனங்களுக்குப் 'பொருந்தாது' என்று நேர்மையாக எழுத வேண்டும். எந்த வழிகாட்டியை எடுத்தாலும் மூன்றை விடக் கூடாது: கட்டுரைகளை எந்தப் பட்டியலிலிருந்து எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை கட்டுரை போதும் என்று எப்படிக் கணக்கிட்டார்கள், தகவலை எடுக்க இருவர் தனித்தனியாகப் படித்தார்களா. ஒரே இதழில் வந்த கட்டுரைகள் ஒரே ஊர்க்காரர்களைப் போல ஒத்திருக்கும் என்பதால், பகுப்பாய்வில் அந்தக் கொத்துத்தன்மைக்கும் இடம் தர வேண்டும்.

தமிழில் இவற்றுக்கு என்ன சொற்களைப் பயன்படுத்தலாம்?

'ஆய்வைப் பற்றிய ஆய்வு' என்பது குடைப்பெயருக்குப் போதும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'மேலாய்வு' என்று சுருக்குபவர்கள் உண்டு. ஆனால் அலுவலகத் தமிழில் அது மேலதிகாரி செய்யும் சோதனையைப் போல ஒலிக்கிறது. 'முறையியல் ஆய்வு', 'முறைசார் மீளாய்வு' இரண்டும் நிலைபெற்று வருகின்றன. ஒன்றில் 'இயல்', மற்றதில் 'சார்' என்பதை அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மெய்ப்புப் பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மெட்டா எபிடெமியாலஜிக்கு நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை அதை அப்படியே எழுதிவிட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவதே போதுமானது.